முழு டேங்க் கணக்கு

முதலில் கழுத்துவரை நிரப்ப வேண்டும்.
பங்க் பையன் "போதுமாக்கா" என்று குழாயை உதறும்போது
இன்னும் கொஞ்சம்.
மீட்டரை எழுதிக்கொண்டு பத்து நாள் ஓட்டி
மறுபடி கழுத்துவரை.
குடித்ததைக் கொண்டு ஓடியதை வகுத்தால்
என் ஆல்ட்டோவின் சுபாவம் தெரிந்துவிடும்:
பதினாறு.
விற்றவன் சொன்னது இருபத்திரண்டு,
மாப்பிள்ளை வீட்டார் சம்பளம் சொல்வதுபோல.

எர்ணாவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்
போக இருபத்து நாலு, வர இருபத்து நாலு.
மூன்று லிட்டர். லிட்டர் நூற்றொன்று.
நாலு பேருக்கு வகுத்தால்
தலைக்கு எழுபத்தைந்தே முக்கால்.
எழுபத்தாறாக வைத்து, மிஞ்சும் ஒரு ரூபாயை
டயர் காற்றுக்கென்று டப்பாவில் போடுகிறேன்.

டிக்கியை ஒருநாள் திறந்து பார்த்தார் கோட்டீஸ்வரன்.
ஓடாத கிரைண்டரின் கல்,
ஒரு மூட்டை டைல்ஸ் உடைசல்,
என் வீட்டுக்காரர் ஆடாத கேரம் போர்டு.
"முப்பது கிலோவுக்குத் தெனம் டிக்கெட் எடுக்கிறியேம்மா."
இறக்கினோம்.
"அப்ப லூர்து அண்ணன?" என்றாள் ஷம்ஷாத்.
தொண்ணூற்றிரண்டு கிலோ லூர்து
சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தபடி
காது கேட்காதவராக இருந்தார்.

ஏழு மணிக்குமேல் மணலி சாலை
கன்டெய்னர்காரர்களுடையது.
ஆறு இருபதுக்குக் கிளம்பினால்
அரை லிட்டர் லாபம், அரைமணித் தூக்கம் நஷ்டம்.
எம்.எஃப்.எல். சந்திப்பில் டிரெய்லர்கள் குறுக்கே நின்றால்
எஞ்சினை அணைத்துவிடுவேன்.
ஏசி கூடாதென்பது எங்கள் சட்டம்;
ஜன்னலைத் திறந்தால் மணலி உள்ளே வரும்.
அந்த நாலு கிலோமீட்டர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வியர்ப்போம்.
பெட்ரோல் இங்கேதான் பிறக்கிறது.
வாசனைக்குக் காசு வாங்குவதில்லை.
பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று
பத்து பைசா குறைப்பதுமில்லை.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை
கோட்டீஸ்வரன் கேட்டார்:
"ரெட்டேரியிலயே எறங்கிக்கினா எவ்ளோ ஆவும்?"

அவர் டூல் ரூம் இருப்பது
எஸ்டேட்டின் கடைசி ஷெட்டில்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
நான் கணக்குப் போட்டேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.
பதினைந்து கிலோமீட்டர்வரை நாலு பேர்,
மீதி ஒன்பதுக்கு மூன்று பேர்.
அவருக்கு நாற்பத்தேழரை,
எங்களுக்கு எண்பத்தைந்து.

சாயங்காலம் அதே இடத்தில் நின்றிருந்தார்.
காலையில் போட்ட மடிப்பு கலையாத சட்டை.
நகத்தில் கிரீஸ் இல்லை.
செவ்வாயும் இல்லை. புதனும்.
வீட்டில் கட்டிக்கொடுத்த டிபன் பை மட்டும்
காலியாகத் திரும்பியது.

சனிக்கிழமை நோட்டைத் திறந்து
மைலேஜ் என்ற இடத்தில்
இருபத்திரண்டு என்று எழுதினேன்.
ஏழு வருட நோட்டில் முதல் பொய்.
"காத்து சரியா அடிச்சேன், கல்லையும் எறக்கியாச்சு,
இனிமே உங்களுக்கு முப்பத்து நாலுதான்."

"இருபத்திரண்டா? இந்த வண்டியா?"
லூர்து திரும்பினார்;
ஷம்ஷாத் பின்சீட்டிலிருந்து அவர் தோளைத் தொட்டாள்.
சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால்
பத்தடி தள்ளிக் கண்டுபிடிப்பது அவள் வேலை.
நோட்டை வாங்கிப் பார்த்தாள். மூடினாள்.
"எங்கிட்ட சில்லற இல்ல," என்று
நூறு ரூபாயை டேஷ்போர்டில் வைத்தாள்.

கோட்டீஸ்வரன் மூன்று பத்தும் நாலு ஒன்றும்
எண்ணிக் கொடுத்தார்.
முடியின் தடிமனை அளவுகோலில் படித்த மனிதர்.

ரெட்டேரியில் இறங்கினார்.
போய்விடுவார் என்று கியரைப் போட்டேன்.
வண்டியைச் சுற்றி வந்து
பின் இடது டயரைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு
என் ஜன்னலில் குனிந்தார்.

"இதுல காத்தே இல்லம்மா.
டப்பால எவ்ளோ கீது?"